உருகுநிலையும் கொதிநிலையும் ஒத்துவராதபோது எங்கே பார்ப்பது?

தீலே குழாய் (பக்கக் கை வைத்த கண்ணாடிக் குழாய்), அதில் ஊற்றும் லிக்விட் பாரஃபின் எண்ணெய், பன்சன் பர்னர் வைத்துக் கரிமச் சேர்மங்களின் உருகுநிலை, கொதிநிலை பார்க்கும் கல்லூரி ஆய்வகத்தை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். டிஜிட்டல் கருவி வைத்திருப்பவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

எண் ஒத்துவரவில்லை என்றதும் பலரும் முதலில் குறை சொல்வது தெர்மாமீட்டரை. அது குற்றவாளியாக இருப்பது குறைவு. பெரும்பாலும் ஈரம், இல்லையென்றால் அவசரம். அதனால் எதையும் கழற்றி மாட்டுவதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள்: அளவு புத்தக மதிப்புக்குக் கீழே இறங்கியிருக்கிறதா, மேலே ஏறியிருக்கிறதா? உருகத் தொடங்கியதற்கும் முடிந்ததற்கும் நடுவே எத்தனை டிகிரி இடைவெளி? இந்த இரண்டும் தெரிந்தால் எங்கே தேடுவது என்பது தெரிந்துவிடும். ரெக்கார்டு நோட்டில் "உருகுநிலை 122" என்று ஒற்றை எண் மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் குழாயில் பார்த்ததல்ல, புத்தகத்தில் பார்த்தது. 121–122.5 என்று எழுதியவர்தான் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்.

எப்போது உருகத் தொடங்கியது என்றே தெரியவில்லை

பென்சாயிக் அமிலத்தை எடுத்துக்கொள்வோம். 115 டிகிரி தாண்டும்வரை, தெர்மாமீட்டரோடு கட்டிய, அடி மூடிய மெல்லிய நுண்குழாயின் அடியில் வெள்ளைத் தூள் அப்படியே இருக்கும். பிறகு லேசாகச் சுருங்கி, கண்ணாடிச் சுவரை விட்டு விலகியதுபோலத் தெரியும். பலர் இங்கேயே எண்ணைக் குறித்துவிடுகிறார்கள். இது உருகல் அல்ல, தூள் இறுகுவது. 121-ஐ ஒட்டிச் சுவரோரத்தில் ஈரப் பளபளப்பு ஒன்று வரும். கண்ணுக்குத் தெரிகிற அந்த முதல் துளிதான் தொடக்கம். அடுத்து தூள் சரிந்து, மேலே வளைந்த திரவ மட்டம் உருவாகும். உள்ளே ஓரிரு படிகங்கள் மட்டும் மிஞ்சியிருக்கும். அவையும் மறைந்து குழாய் தெளியும்போது முடிவு.

சுருக்கம் அளவுக்கு மீறித் தெரிந்தால் தூள் தளர்வாக அடைக்கப்பட்டிருக்கிறது. வாட்ச் கிளாஸில் நன்றாகப் பொடித்து, 2–3 மி.மீ. உயரத்துக்கு மேல் போகாமல் எடுங்கள். அரை மீட்டருக்கு மேல் நீளமுள்ள கண்ணாடிக் குழாயை மேசைமேல் செங்குத்தாகப் பிடித்து, அதன் வழியாக நுண்குழாயைச் சில தடவை விழவிடுங்கள். தூள் தானாக அடியில் இறுகிவிடும். விரலால் தட்டித் தட்டி அடைப்பதைவிட இது நல்லது, குழாயும் உடையாது. ஒரு செ.மீ. உயரத்துக்குத் தூளை அடைத்தால் அடிப்பகுதி ஒரு வெப்பநிலையிலும் மேல்பகுதி இன்னொன்றிலும் உருகும். எவ்வளவு தூய பொருளானாலும் இடைவெளி அகன்றுதான் தெரியும்.

சீக்கிரமே உருகுகிறது, இடைவெளியும் அகலம்

அடிக்கடி வரும் கோளாறு இதுதான். 122-இல் உருகவேண்டியது 112-இல் தொடங்கி 119-இல் முடிகிறது என்றால் பொருளில் வேறு ஏதோ கலந்திருக்கிறது. கலந்தது தண்ணீராக இருக்கலாம், கழுவிய ஆல்கஹாலாக இருக்கலாம், வினையில் மிஞ்சிய மூலப்பொருளாகவும் இருக்கலாம். மாசு படிகத்துக்குள் இடம்பிடிக்காமல் உருகிய திரவத்தில் போய்க் கரைகிறது. அதனால் திரவநிலை கைஓங்கி, படிகம் வழக்கத்தைவிடக் குறைந்த வெப்பத்திலேயே கரைந்துபோகிறது. மாசு கொஞ்சமாக இருக்கும்போது முதல் துளி கண்ணுக்குத் தப்பிவிடும். அதனால் தொடக்க எண்ணைவிட முடிவு எண்ணை அதிகம் நம்பலாம்.

ஈரமா, மாசா என்று பிரித்தறிய ஒரு வழி உண்டு. சூடேறும்போது நுண்குழாயின் மேல்பாதியை, எண்ணெய்க்கு வெளியே குளிர்ந்திருக்கும் பகுதியைக் கவனியுங்கள். அங்கே உள்சுவரில் பனித்துளிபோல ஏதாவது படிந்தால் ஈரம்தான். பொருளை வடிதாள்களுக்கு நடுவே வைத்து அழுத்தி, டெசிகேட்டரில் (ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்த மூடிய கலம்) வைத்துவிட்டு மறுபடி பாருங்கள். எல்லாவற்றையும் 100 டிகிரி உலர்த்தும் அடுப்பில் தள்ளிவிடக் கூடாது: பாரா-டைக்குளோரோபென்சீன் 53-இலேயே உருகிவிடும், 80-இல் உருகும் நாப்தலீனோ உருகுவது போக ஆவியாகவும் பறக்கும். யூரியா இன்னொரு தொல்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்துக்கு மேல் போனால் தானாகவே நீரை இழுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் கடலோர ஊர் ஆய்வகத்தில் காலையில் பொடித்து வைத்த யூரியாவுக்கு மதியம் உருகுநிலை பார்த்தால் 133-ஐ எதிர்பார்க்காதீர்கள். பொடித்த கையோடு அடைத்துப் பாருங்கள்.

ஆக்ஸாலிக் அமிலத்தில் வருவது வேறு கதை. புட்டியில் இருப்பது இரண்டு நீர் மூலக்கூறு சேர்ந்த படிகம். அது 101-ஐ ஒட்டித் தன் படிக நீரிலேயே கரைந்து உருகுவதுபோலக் காட்டும். நீரற்ற அமிலத்தின் மதிப்பான 189-ஐ எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாற்றம்தான். இதில் பொருளில் குறையில்லை. புத்தக அட்டவணையில் பார்க்கவேண்டிய வரிசை வேறு.

உலர்த்திய பிறகும் அகலம் குறையவில்லையென்றால் மாசுதான். கொஞ்சம் மட்டும் எடுத்து, சூடான கரைப்பானில் கரைத்து ஆறவிட்டு மறுபடிகமாக்குங்கள். முன்பு 112–119, இப்போது 119–121.5 என்றால் சரியான திசையில் போகிறீர்கள். இன்னொரு முறை செய்யலாம். இரண்டு முறை படிகமாக்கியும் எண் நகரவில்லையென்றால், நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும் பொருள் அதுவல்ல என்று சந்தேகப்படத் தொடங்குங்கள்.

கூர்மையாக உருகுகிறது, ஆனால் அதே பொருள்தானா?

பென்சாயிக் அமிலம் 122, பீட்டா-நாப்தால் 122–123. யூரியாவும் சின்னமிக் அமிலமும் 133-ஐ ஒட்டி. எண் பொருந்திவிட்டது என்பதற்காகப் பெயர் வைத்துவிட முடியாது. இங்கே கலப்பு உருகுநிலைதான் தீர்ப்பு சொல்லும். உங்கள் பொருள், சுத்தமென்று தெரிந்த மாதிரி, இரண்டையும் சம அளவில் சேர்த்துப் பொடித்தது என மூன்று நுண்குழாய்களை ஒரே தெர்மாமீட்டரில் பக்கத்துப் பக்கத்தில் கட்டி, ஒன்றாகச் சூடேற்றுங்கள். மூன்றும் சேர்ந்து உருகினால் ஒரே பொருள். கலவை மட்டும் பல டிகிரி முன்னதாகவே நசநசவென்று உருகத் தொடங்கினால் இரண்டும் வேறு. தனித்தனியாக மூன்று முறை பார்ப்பதைவிட இது பல மடங்கு நம்பகமானது, ஏனென்றால் தெர்மாமீட்டரில் பிழை இருந்தாலும் மூன்றுக்கும் ஒரே பிழைதான்.

கூர்மையாக உருகுவதே தூய்மைக்கு முழுச் சான்று என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு பொருள்கள் குறிப்பிட்ட ஒரு விகிதத்தில் கலந்தால் அந்தக் கலவையும் ஒரே வெப்பநிலையில் கூர்மையாக உருகும். அபூர்வம்தான், ஆனால் எண் எந்த அட்டவணையிலும் சிக்காமல், அதே சமயம் கூர்மையாகவும் இருந்தால் இது நினைவுக்கு வரட்டும்.

புத்தக மதிப்பைவிட மேலே போகிறது

மாசு உருகுநிலையை ஏற்றுவது மிகவும் அரிது. ஆக, மேலே போனால் குறை பொருளில் இல்லை, சூடேற்றிய விதத்தில். பர்னரை முழுதாகத் திறந்துவிட்டால் எண்ணெயின் சூடு நுண்குழாய்க்குள் இருக்கும் தூளுக்குப் போய்ச்சேர நேரம் பிடிக்கும்; தூள் உருகுவதற்குள் பாதரசம் ஏறிவிட்டிருக்கும். எதிர்பார்க்கும் உருகுநிலைக்கு 15–20 டிகிரி கீழே வரும்வரை வேகமாகப் போகலாம். அதன் பிறகு நிமிடத்துக்கு 1–2 டிகிரிக்கு மேல் கூடாது. தீயைக் குறைத்தும் வேகம் அடங்கவில்லையென்றால் பர்னரைக் கையில் எடுத்து, பக்கக் குழாயின் வளைவில் காட்டிக் காட்டி விலக்குங்கள்.

என்ன பொருள் என்றே தெரியாதபோது இந்த நிதானம் எரிச்சலூட்டும். அதற்கு இரண்டு குழாய் அடைத்துக்கொள்ளுங்கள். முதலாவதை வேகமாக ஓட்டித் தோராய எண் பார்த்துவிட்டு, எண்ணெய் 20 டிகிரி ஆறியதும் இரண்டாவதை வைத்து நிதானமாகப் பாருங்கள். டிஜிட்டல் கருவியில் இதே அவசரம் வேறு வேடத்தில் வரும்: முந்தைய மாணவர் 200 வரை ஏற்றிவிட்டுப் போன சூட்டிலேயே குழாயைச் செருகினால் போட்டவுடன் உருகிவிடும். கருவி ஆறட்டும்.

நிதானமாகச் சூடேற்றியும் மேலேயே போகிறதா? இப்போது தெர்மாமீட்டரைப் பார்க்கலாம். பாதரச இழை நடுவில் அறுந்து, ஒரு சிறு இடைவெளி தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அறுந்திருந்தால் அந்த இடைவெளி எவ்வளவோ அவ்வளவு கூடுதலாகக் காட்டும். பனிக்கட்டியும் உப்பும் கலந்த கலவையில் குமிழை வைத்தால் பாதரசம் முழுதும் கீழே இறங்கி ஒன்றுசேர்ந்துவிடும். இழையில் குறையில்லையென்றால் சரிபாருங்கள்: நாப்தலீன் 80, அசெட்டனிலைடு 114, பென்சாயிக் அமிலம் 122, சாலிசிலிக் அமிலம் 159. இவற்றில் இரண்டு மூன்றைத் தூய நிலையில் பார்த்து, தெர்மாமீட்டர் எத்தனை டிகிரி தள்ளிக் காட்டுகிறது என்று ஒரு சீட்டில் எழுதி அதன் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள். அடுத்த பேட்ச் மாணவர்கள் வாழ்த்துவார்கள்.

பலமுறை பார்த்தாலும் ஒரே அளவு தாழ்கிறது, இடைவெளி மட்டும் குறுகல்

மாசு இப்படி நடந்துகொள்ளாது. தூளும் தெர்மாமீட்டர் குமிழும் ஒரே உயரத்தில் இல்லை என்பதுதான் முதல் சந்தேகம். தூள் குமிழின் நடுவுக்கு நேராக ஒட்டியிருக்க வேண்டும். குமிழ் பக்கக் குழாயின் மேல் இணைப்பை ஒட்டி, சுவரில் படாமல் இருக்க வேண்டும். அடுத்து எண்ணெய் மட்டம். அது மேல் இணைப்புக்குச் சற்று மேலே இல்லையென்றால் எண்ணெய் சுற்றி வராது. ஜெர்மானிய வேதியியலர் யோகன்னஸ் தீலே 1907-இல் இந்தக் குழாய்க்குப் பக்கக் கை வைத்ததே, சூடான எண்ணெய் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கித் தானாகக் கலக்கிக்கொள்ளட்டும் என்றுதான். அந்தச் சுற்று நின்றுவிட்டால் சாதாரண பீக்கரில் சூடேற்றுவதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை.

உயர்ந்த வெப்பநிலைகளில் இன்னொரு காரணம் சேரும். தெர்மாமீட்டர் தண்டின் பெரும்பகுதி எண்ணெய்க்கு வெளியே குளிர்ந்து நிற்கிறது. அங்கே இருக்கும் பாதரசம் முழுதாக விரிவதில்லை. முழுதும் மூழ்கிய நிலைக்கென்று அளவிடப்பட்ட தெர்மாமீட்டரானால் இதற்குத் திருத்தம் உண்டு: 0.00016 × வெளியே நிற்கும் டிகிரிகள் × (படித்த வெப்பநிலை − தண்டின் நடுப்பகுதி வெப்பநிலை). 200-இல் படிக்கிறீர்கள், 150 டிகிரி நீளம் வெளியே, தண்டு 40-இல் இருக்கிறது என்றால் கிட்டத்தட்ட 4 டிகிரி கூட்டவேண்டும். 122-இல் ஒரு டிகிரிதான் வரும். பென்சாயிக் அமிலத்துக்கு யாரும் இதைக் கவனிக்காததன் காரணம் இதுவே.

பொருளே காணோம்

இரண்டில் ஒன்று நடந்திருக்கும். நுண்குழாயின் அடி சரியாக மூடப்படாமல் எண்ணெய் உள்ளே ஏறி, தூள் அதில் கரைந்திருக்கலாம். உள்ளே நீளமாக ஒரு திரவத் தம்பம் நின்றால் இதுதான், 3 மி.மீ. தூள் அத்தனை திரவத்தைத் தராது. பர்னர் சுடரின் ஓரத்தில் குழாய் நுனியைச் சுழற்றிக்கொண்டே காட்டி மூடுங்கள். மூடிய இடத்தில் சிறு மணி தெரிந்தால் போதும், பெரிய குண்டாகவோ வளைந்தோ போகக் கூடாது.

மற்றது பதங்கமாதல். கற்பூரம், சாலிசிலிக் அமிலம், நாப்தலீன் போன்றவை உருகும் முன்பே ஆவியாகி, குழாயின் மேல்பக்கம் போய் வெள்ளையாகப் படிந்துவிடும். மேலே உள்சுவரில் ஊசி ஊசியாகப் படிகம் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். மறுமுனையையும் மூடி, குழாயில் கூடியமட்டும் அதிக நீளம் எண்ணெய்க்குள் இருக்கும்படி கட்டுங்கள்.

கருக்கிறது, நுரைக்கிறது

உருகும்போதே சிதைகிறது. சர்க்கரைகள், அமினோ அமிலங்கள், குளுக்கோஸிலிருந்து செய்யும் குளுகோசசோன் எல்லாம் இந்த ரகம். குளுகோசசோனுக்கு 205 என்று அட்டவணையில் இருப்பது உருகுநிலையைவிடச் சிதைவுநிலை என்பதே பொருத்தம். மெதுவாகச் சூடேற்றினால் முன்னதாகவே சிதைந்து எண் தாழும். வேகமாகப் போனால் ஏறும். இங்கே மட்டும் நிதானம் உங்களுக்கு எதிரி. எண்ணெயை 10 டிகிரி கீழே வரை சூடேற்றிவிட்டு, அப்போது குழாயைச் செருகுங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் "சிதைவுடன்" என்று எழுதாமல் விடாதீர்கள்.

இரண்டாம் முறை வேறு எண் வருகிறது

ஒருமுறை உருகிய குழாயை ஆறவைத்து மறுபடி பார்த்திருப்பீர்கள். கூடாது. தாலிக் அமிலம் நல்ல உதாரணம்: 200-ஐ ஒட்டி நீரை இழந்து தாலிக் அன்ஹைட்ரைடு ஆகிவிடும். அதே குழாயை மறுபடி சூடேற்றினால் 131-இல் உருகும், ஏனென்றால் அது இப்போது வேறு சேர்மம். சிதையாத பொருளும்கூட ஆறும்போது வேறு படிக வடிவத்தில் உறையலாம். பென்சோஃபீனோனின் நிலையான வடிவம் 48-இலும் நிலையற்றது 26-ஐ ஒட்டியும் உருகும். ஒவ்வொரு முறையும் புதுக் குழாய், புதுத் தூள்.

எண்ணெய் படபடக்கிறது, புகைகிறது, குழாய் நழுவுகிறது

படபடப்பு என்றால் எண்ணெயில் தண்ணீர். தீயை உடனே அணையுங்கள்; சூடான எண்ணெய் துள்ளிக் கையில் விழும். கழுவிய தீலே குழாயைக் காயவைக்காமல் எண்ணெய் ஊற்றியதன் பலன் இது. லிக்விட் பாரஃபின் 200-ஐ நெருங்க நெருங்கப் புகையும். அதற்கு மேல் வேண்டுமென்றால் சிலிக்கோன் எண்ணெய்க்கு மாறுங்கள். எண்ணெய் தீப்பற்றினால் மணல், தண்ணீர் அல்ல. நுண்குழாயைக் கட்டும் ரப்பர் வளையம் எண்ணெய் மட்டத்துக்கு நன்றாக மேலே இருக்கட்டும். எண்ணெய் சூடேறி விரிந்து மேலே வரும், நனைந்த ரப்பர் ஊதித் தளர்ந்துபோகும். தெர்மாமீட்டரைப் பிடித்திருக்கும் கார்க்கில் பக்கவாட்டு வெட்டு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அது அளவுகோட்டைப் படிப்பதற்கு மட்டுமல்ல, உள்ளே அழுத்தம் ஏறாமல் இருக்கவும்தான். வாய் முழுதும் மூடிய தீலே குழாயைச் சூடேற்றக் கூடாது.

கொதிநிலை: குமிழ்கள் ஏமாற்றுகின்றன

கொஞ்சமே திரவம் இருந்தால் 1886 முதல் புழக்கத்தில் இருக்கும் சிவோலோபாஃப் முறைதான் கைகொடுக்கும். இக்னிஷன் குழாயில் (சிறிய சோதனைக் குழாய்) சில துளி திரவம், அதற்குள் ஒருமுனை மூடிய நுண்குழாய் தலைகீழாக. சூடேறும்போது முதலில் ஒன்றிரண்டாக வரும் குமிழ்கள் உள்ளிருந்த காற்று விரிந்து வெளியேறுவது. அதைக் கொதி என்று குறித்தால் எண் வெகுவாகத் தாழும். பிறகு முத்துமாலைபோலக் குமிழ்கள் விடாமல் வரும். அப்போதும் எண் எடுக்கக் கூடாது. தீயை விலக்குங்கள். குமிழ்கள் மெதுவாகும், கடைசிக் குமிழ் வாயில் நின்று, திரவம் நுண்குழாய்க்குள் ஏறத் தொடங்கும். அந்தக் கணத்தில் உள்ளிருக்கும் ஆவியின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்துக்குச் சமம், கொதிநிலை அதுவே.

எண் மேலே போகிறது என்றால் மாலையாக வரும்போதே குறித்திருப்பீர்கள். குமிழே வரவில்லை என்றால் நுண்குழாயின் மூடிய முனை கீழே இருக்கிறதா, அல்லது திரவம் ஏற்கெனவே உள்ளே நிரம்பிவிட்டதா பாருங்கள். நிரம்பிய நுண்குழாய் மறுபடி உதவாது, மாற்றுங்கள். அசெட்டோன் போல 56-இலேயே கொதிப்பவை பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆவியாகித் தீர்ந்துவிடும். திரவத்தைச் சற்றுக் கூட்டி, வேகத்தைக் குறையுங்கள். ஒவ்வொரு முறையும் எண் ஏறிக்கொண்டே போனால் எளிதில் ஆவியாகும் மாசு முதலில் கழன்றுபோகிறது என்று பொருள்.

வாலை வடித்தலில் தாழ்ந்த எண்ணுக்குப் பெரும்பாலும் தெர்மாமீட்டர் குமிழ் மேலே நிற்பதுதான் காரணம். குமிழின் மேல்விளிம்பு பக்கக் குழாயின் கீழ்விளிம்புக்கு நேராக இருந்தால்தான் ஆவி அதை முழுதும் நனைக்கும். முதல் துளிகள் கலங்கலாக வந்தால் திரவத்தில் தண்ணீர் இருக்கிறது. டொலுயீன் தனியாக 110.6-இல் கொதிக்கும், தண்ணீரோடு சேர்ந்தால் 85-ஐ ஒட்டியே வடியத் தொடங்கும். நீரற்ற கால்சியம் குளோரைடில் உலர்த்திவிட்டு வடியுங்கள்; ஆல்கஹால்களுக்கு மட்டும் அது கூடாது, அவற்றோடு சேர்ந்துகொள்ளும். குடுவை திடீரென்று குமுறினால், சீராகக் கொதிப்பதற்காகப் போடும் சிறு கொதிகல்லைப் போட மறந்திருக்கிறீர்கள். சூடாக இருக்கும்போது போடவே கூடாது, ஆறவிட்டுப் போடுங்கள். 184-இல் கொதிக்கும் அனிலின் போன்றவற்றுக்குத் தண்ணீர் ஓடும் குளிர்விப்பான் வேண்டாம், விரிசல் விடும். காற்றுக் குளிர்விப்பான் போதும்.

எல்லாம் சரி, இருந்தும் கொதிநிலை தாழ்கிறது

எந்த ஊரில் இருக்கிறீர்கள்? அட்டவணை எண்கள் 760 மி.மீ. பாதரச அழுத்தத்துக்கானவை. உருகுநிலையை இது தொடாது, கொதிநிலையைத் தொடும். தோராயத் திருத்தம்: 0.00012 × (760 − உங்கள் அழுத்தம்) × (கொதிநிலை + 273). ஆல்கஹால், அமிலம், தண்ணீர் போன்றவற்றுக்கு 0.00012-க்குப் பதில் 0.00010. சென்னையில் இதைப் பொருட்படுத்த வேண்டாம். சுமார் 410 மீட்டர் உயரத்தில் இருக்கும் கோவையில் அழுத்தம் ஏறத்தாழ 724 மி.மீ.; டொலுயீன் ஒன்றரை டிகிரிக்குச் சற்று மேல் தாழும். 2,240 மீட்டர் உயர ஊட்டியில் அழுத்தம் 580-ஐ ஒட்டித்தான். அங்கே டொலுயீன் 102-இலும் தண்ணீர் 93-இலும் கொதிக்கும். பொருள் எவ்வளவு தூயதாக இருந்தாலும் சரி. மலை ஊர்க் கல்லூரியில் படிப்பவர்கள் எண்ணுக்குப் பக்கத்தில் அன்றைய பாரமானி அளவையும் எழுதுங்கள். பாரமானி இல்லையென்றால் தூய தண்ணீரை அதே தெர்மாமீட்டரில் கொதிக்கவைத்துப் பார்த்து, அது 100-இலிருந்து எவ்வளவு தாழ்கிறது என்பதையாவது சேர்த்து எழுதிவிடுங்கள்.